நர்கிஸ்: புயலுக்குப் பின் வந்த வட்டி

பர்மா என்றதும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு கதைகள்தான் வெளியே வரும். ஒன்று, சயாம் மரண ரயில். இன்னொன்று, 1942இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தபோது காடு மலை கடந்து கால்நடையாகவே இந்தியாவுக்குப் போனவர்களின் கதை. கொஞ்சம் விவரம் தெரிந்த பெரியவர்கள் செட்டியார்களின் லேவாதேவியையும் தேக்கு மரத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். எல்லாமே 1960களோடு நின்றுபோகும். அதற்குப் பிறகான பர்மா நமக்குச் செய்திப் படங்கள்தான். ராணுவச் சீருடை, ஆங் சான் சூ கீயின் கூந்தலில் பூ, அவ்வளவுதான்.

2008 மே 2ஆம் தேதி அந்த நாட்டின் தென்மேற்கே, ஐராவதி ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் ஒரு புயல் கரையேறியது. பெயர் நர்கிஸ். உருதுவில் ஒரு பூவின் பெயர். பாகிஸ்தான் கொடுத்த பட்டியலிலிருந்து வந்தது. மறுநாள் அது யங்கூனைத் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் லபுட்டா, போகலே, பியாபோன் வட்டாரங்களில் பல கிராமங்கள் இருந்த இடமே தெரியவில்லை. அதிகாரபூர்வக் கணக்கில் இறந்தவர்கள் 84,537 பேர். காணாமல் போனவர்கள் 53,836 பேர். காணாமல் போனவர்கள் திரும்பி வரப் போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே இரண்டையும் கூட்டி 138,373 என்றுதான் சொல்கிறார்கள்.

இந்தப் புயலைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி முதல் மூன்று வாரங்களைப் பற்றியது. உதவிக் கப்பல்களை ராணுவம் உள்ளே விடாத கதை அது. முக்கியமான கதைதான், இங்கேயும் வரும். ஆனால் அந்த மூன்று வாரம் முடிந்த பிறகு, கேமராக்கள் கிளம்பிப் போன பிறகு, அந்த மண்ணில் நடந்தது என்ன என்று தேடிப் படித்தால் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது: கடன். அந்தச் சொல்லுக்கு ஐராவதிக் கழிமுகத்தில் நீண்ட வரலாறு உண்டு. அதில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு.

வயலான சதுப்பு

1852இல் பிரிட்டிஷார் கீழ் பர்மாவைப் பிடித்தபோது ஐராவதிக் கழிமுகத்தின் பெரும்பகுதி காடும் சதுப்பும்தான். கடலோரம் முழுக்க அலையாத்திக் காடுகள். அப்போது கீழ் பர்மாவில் நெல் விளைந்தது 10 லட்சம் ஏக்கருக்கும் குறைவான நிலத்தில். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது, ஐரோப்பாவுக்கு அரிசி போக ஆரம்பித்தது. 1930களில் நெல் நிலம் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. உலகத்திலேயே மிக அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாக பர்மா ஆனது. நம் மலாயா ரப்பர் தோட்டங்களில் பொங்கிய சோற்றில் ரங்கூன் அரிசி நிறையவே உண்டு.

காட்டை வெட்டி வயலாக்கியது பர்மிய விவசாயி. பல பேர் வடக்கே வறண்ட பகுதியிலிருந்து இறங்கி வந்தவர்கள். வெட்டுவதற்கும், மாடு வாங்குவதற்கும், முதல் அறுவடை வரை சாப்பிடுவதற்கும் பணம் வேண்டும். அதைக் கொடுத்தவர்களில் பெரும்பங்கு நகரத்தார். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் பினாங்கிலும் கிட்டங்கி வைத்திருந்தவர்களின் அதே சமூகம்தான். 'கொண்டுவிற்க' கப்பலேறியவர்கள் கழிமுகத்தின் ஒவ்வொரு சிற்றூரிலும் கடை போட்டார்கள். பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கெழுதும் பையனிலிருந்து மேலாள் வரை செட்டிநாட்டிலிருந்தே வந்தார்கள். அவர்கள் பர்மாவில் போட்டிருந்த பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்று 1929-30இல் நடந்த மாகாண வங்கி விசாரணை மதிப்பிட்டது. அந்தக் காலத்து 75 கோடி!

செட்டியார்களுக்கு நிலத்தின் மீது ஆசை இல்லை, வட்டி ஒழுங்காக வந்தால் போதும். பர்மிய வட்டிக்கடைக்காரர்களைவிட அவர்கள் வட்டி குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் நிலம்தான் ஈடு. 1930இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது, நெல் விலை பாதியாகியது, கடன் நிலத்தைத் தின்ன ஆரம்பித்தது. 1930இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938இல் அது 25 சதவீதம். விவசாயி தான் வெட்டித் திருத்திய நிலத்திலேயே குத்தகைக்காரன் ஆனான். 1930இலும் 1938இலும் நடந்த இந்தியர் எதிர்ப்புக் கலவரங்களுக்கும், சயா சான் தலைமையில் எழுந்த விவசாயிகள் கிளர்ச்சிக்கும் பின்னால் இந்தக் கோபமும் இருந்தது. அடி வாங்கியவர்களில் பலர் கடன் கொடுத்த முதலாளிகளே அல்ல, ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கூலிகள். கலவரம் எப்போதும் அப்படித்தான், கையில் கிடைப்பவனை அடிக்கும்.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலம் தேசியமயம் ஆனது. 1963இல் வங்கிகளும் அடுத்த ஆண்டு கடைகளும் அரசு கைக்குப் போயின. லட்சக்கணக்கான இந்தியர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். செட்டியார் போனார், கடன் போகவில்லை. அரசாங்க விவசாய வங்கி கொடுத்த கடன் ஓர் ஏக்கருக்கு ஆகும் செலவில் சிறு பகுதிக்குத்தான் காணும். மிச்சத்துக்கு ஊரிலுள்ள நெல் வியாபாரி, அரிசி ஆலைக்காரர், மீன் ஏஜெண்ட். அவர்கள் முன்பணம் கொடுப்பார்கள், விளைச்சலை அவர்களிடமே, அவர்கள் சொல்லும் விலைக்கே போட வேண்டும்.

காடும் அழிந்துகொண்டே வந்தது. முதலில் வயலுக்காக, பிறகு யங்கூனின் அடுப்புகளுக்கு விறகும் கரியும் வேண்டும் என்பதற்காக, கடைசியில் இறால் பண்ணைகளுக்காக. நர்கிஸ் அடித்த சில நாள்களிலேயே ஆசியான் பொதுச்செயலாளர் சுரின் பிட்சுவான் இதைத்தான் சுட்டிக்காட்டினார். அலையைத் தாங்கிக்கொள்ள வேண்டிய அலையாத்திக் காடு அங்கே இல்லை.

அந்த இரவு

வங்காள விரிகுடாவில் உருவாகும் புயல்கள் பர்மாவைத் தாக்கினால் பொதுவாக மேற்கே ரக்கைன் கரையைத்தான் தாக்கும். நர்கிஸ் கிழக்கே திரும்பிக் கழிமுகத்தின் மேலேயே நகர்ந்தது. அப்படியொரு புயலை உயிரோடு இருந்தவர்கள் யாரும் பார்த்ததில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை 48 மணி நேரத்துக்கு முன்பே எச்சரித்துவிட்டோம் என்றது. அரசு வானொலியிலும் அறிவிப்பு வந்தது. ஆனால் காற்று வரும் என்று சொல்லப்பட்டதே தவிர, கடல் வரும் என்பது மக்களுக்குப் போய்ச் சேரவில்லை. வந்தது கடல். ஆளுயரத்தை இரண்டாகத் தாண்டிய நீர் இருட்டில் உள்ளே வந்தது. ஓடி ஏறிக்கொள்ள மேடு இல்லை, மாடி வைத்த கட்டடம் இல்லை. மூங்கிலும் நிப்பா ஓலையும் கொண்டு கட்டிய வீடுகள். தப்பியவர்கள் பலரும் தென்னையையும் பனையையும் கட்டிப்பிடித்துக்கொண்டு பிழைத்தவர்கள். மரத்தைப் பிடித்துக்கொண்டு பல மணி நேரம் தொங்க உடம்பில் தெம்பு வேண்டும், இன்னொரு கையில் பிள்ளை இருக்கக் கூடாது. இறந்தவர்களில் 61 சதவீதம் பெண்கள் என்று பின்னர் எடுத்த கணக்கு சொல்கிறது.

இதோடு பங்களாதேஷை வைத்துப் பார்க்க வேண்டும். அதே விரிகுடா, அதே மாதிரியான தட்டை நிலம், அதே வறுமை. 1970 புயலில் அங்கே குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். 1991இல் சுமார் 138,000 பேர். ஆனால் 2007 நவம்பரில், நர்கிஸுக்கு ஆறே மாதம் முன்னால் சிடர் என்ற கடும் புயல் அடித்தபோது இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். இடையில் நடந்தது என்ன? கான்கிரீட்டில் தூண் மேல் கட்டிய புயல் காப்பிடங்கள், ஒலிபெருக்கியும் கொடியும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகும் ஆயிரக்கணக்கான தொண்டர்கள். அதிநவீனத் தொழில்நுட்பம் எதுவுமில்லை. 40 ஆண்டு ஆண்ட பர்மிய ராணுவத்துக்கு இது எட்டாத வித்தை அல்ல. மக்கள் ஒன்றுசேர்ந்து தொண்டர் படை அமைப்பதையே அது விரும்பவில்லை.

மூன்று வாரம்

அதற்கு எட்டு மாதம் முன்புதான், 2007 செப்டம்பரில், பிக்குகள் வீதிக்கு வந்து ராணுவ ஆட்சியை எதிர்த்திருந்தார்கள். ராணுவம் சுட்டது. அந்தப் பயம் இன்னும் அடங்காத நேரத்தில் புயல் வந்தது. அதுவும் புதிய அரசியலமைப்புக்கான பொதுவாக்கெடுப்புக்கு எட்டு நாள் முன்னால். ஜெனரல் தான் ஷ்வே வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கவில்லை. பாதிக்கப்பட்ட 47 வட்டாரங்களுக்கு மட்டும் மே 24 வரை தவணை கொடுத்தார். மற்ற இடங்களில் மே 10ஆம் தேதி திட்டமிட்டபடியே நடந்தது. வாய்க்கால்களில் பிணங்கள் மிதந்துகொண்டிருந்தபோது, 92 சதவீதத்துக்கு மேல் ஆதரவு என்று அறிவிப்பு வந்தது.

கடலில் அமெரிக்க, பிரெஞ்சு, பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் உதவிப் பொருள்களோடு நின்றன. அப்போது பிரெஞ்சு வெளியுறவு அமைச்சராக இருந்தவர் பெர்னார்ட் குஷ்னே. எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். ஓர் அரசு தன் மக்களைக் காக்கத் தவறினால் உலகம் தலையிடலாம் என்ற ஐ.நா. கொள்கையை வைத்து, அனுமதி இல்லாமலே உதவியை இறக்கலாம் என்றார். ராணுவத்துக்கு ஏற்கனவே இருந்த சந்தேகத்துக்கு இது தூபம் போட்டது. பிரெஞ்சுக் கப்பல் கடைசியில் தன் அரிசியைத் தாய்லாந்தில் இறக்கிவிட்டுப் போனது. அமெரிக்கக் கப்பல்கள் ஜூன் முதல் வாரம் வரை காத்திருந்து திரும்பின. வெளிநாட்டுச் சாக்லேட் இல்லாமலேயே கழிமுக மக்கள் கீரையும் மீனும் பிடித்துத் தின்று பிழைத்துக்கொள்வார்கள் என்று அரசுப் பத்திரிகை எழுதியது. வயல்களில் தவளை நிறைய இருக்கிறதாம்.

முட்டுக்கட்டையை நகர்த்தியது சிங்கப்பூரில் நடந்த ஒரு கூட்டம். அந்த ஆண்டு ஆசியான் தலைமை சிங்கப்பூரிடம் இருந்தது. மே 19ஆம் தேதி வெளியுறவு அமைச்சர்கள் கூடி, உதவியை ஆசியான் முன்னின்று ஒருங்கிணைக்கும் என்று பர்மாவைச் சம்மதிக்கவைத்தார்கள். நான்கு நாள் கழித்து ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் நேப்பிடோவில் தான் ஷ்வேயைச் சந்தித்தார். மாதக் கடைசியில் ஆசியான், ஐ.நா., பர்மிய அரசு மூன்றும் சேர்ந்த முத்தரப்புக் குழு உருவானது. கேட்க ரொம்பச் சப்பென்றுதான் இருக்கும். அந்தக் குழுவின் பெரிய வேலைகளில் ஒன்று விசா வாங்கிக் கொடுப்பது. ஆனால் விசா இல்லாமல் மருத்துவர் லபுட்டாவுக்குப் போக முடியாது. ஜூன் மாதத்தில் இந்தக் குழுவின் ஆட்கள் சுமார் 290 கிராமங்களுக்குப் போய்க் கணக்கெடுத்தார்கள். அடியோடு போன வீடுகள் 450,000. உப்புநீர் ஏறிய விளைநிலம் 600,000 ஹெக்டேருக்கு மேல். மொத்தச் சேதமும் இழப்பும் சுமார் 400 கோடி டாலர். சுதந்திரமாகக் கிராமம் கிராமமாகப் போய் இப்படியொரு கணக்கை எடுக்க அந்த ராணுவம் அதுவரை யாரையும் விட்டதில்லை.

ஆசியானுக்கு மாலை போடுவதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்லணும். அந்த முதல் மூன்று வாரம் மக்களைக் காப்பாற்றியது பர்மியர்களே. யங்கூன்வாசிகள் காரிலும் லாரியிலும் அரிசி, மெழுகுவத்தி, தார்ப்பாய் ஏற்றிக்கொண்டு போனார்கள். பௌத்த மடங்கள் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கூரையாயின. சீதகு சயாடோ போன்ற மூத்த பிக்குகள் நன்கொடை திரட்டிப் படகில் அனுப்பினார்கள். சோதனைச் சாவடிகளில் வண்டிகளை மறித்தார்கள், சாலையோரம் உதவி கொடுக்கக் கூடாது என்றார்கள். நகைச்சுவை நடிகர் ஸர்கனார் சில நூறு தொண்டர்களைச் சேர்த்துக்கொண்டு உதவி செய்தார், பார்த்ததை வெளிநாட்டு ஊடகங்களிடம் சொன்னார். ஜூன் மாதம் கைது. தண்டனை 59 ஆண்டு, பிறகு 35 ஆண்டாகக் குறைத்தார்கள். 2011 அக்டோபரில்தான் வெளியே வந்தார். அரிசி கொடுத்ததற்கும் உண்மை பேசியதற்கும் 35 ஆண்டு.

நாற்று நடும் மாதம்

இப்போது விட்ட இடத்துக்கு வருவோம். மே மாதம் புயல். ஜூனில் பருவமழை, நாற்று விட வேண்டும். விதைநெல் கடலோடு போய்விட்டது. ஏர் இழுக்க எருமை இல்லை. மழை வந்து கழுவும்வரை வயலில் உப்பு. படகும் வலையும் போனதால் மீனவருக்கும் வேலை இல்லை. கழிமுகத்தில் பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குச் சொந்த நிலமே கிடையாது, கூலிதான். நிலமுள்ளவன் நட்டால்தான் அவர்களுக்கு அன்றாடம் கஞ்சி.

உதவி வராமல் இல்லை. அரசு கைஉழுவை இயந்திரங்களைத் தவணைக்குக் கொடுத்தது. டீசலுக்கும் பழுதுக்கும் யார் பணம் கொடுப்பது? வறண்ட நிலத்திலிருந்து மாடுகள் வந்தன. அந்த மாடுகளுக்கு முழங்கால் சேறும் உப்புத் தண்ணீரும் பழக்கமில்லை. ஐ.நா. கொண்டுவந்த டாலர், அரசு நிர்ணயித்த மாற்று விகிதத்தில் உள்ளூர்ப் பணமாக மாறும்போதே கரைந்தது. இப்படி ஏறத்தாழ ஒரு கோடி டாலர் போயிற்று என்று ஐ.நா. அதிகாரிகளே 2008 ஜூலையில் ஒப்புக்கொண்டார்கள்.

அதைவிடப் பெரிய பிரச்சினை, மீட்பு என்ற சொல் வந்ததும் பணம் நின்றது. உயிர்காக்கும் உதவிக்கு மேற்கு நாடுகள் கொடுத்தன. வீடு கட்ட, விவசாயத்தை நிமிர்த்த என்றால் ராணுவ ஆட்சிக்குப் பலம் சேர்ப்பதாகிவிடும் என்று தயங்கின. நர்கிஸுக்கு முன்பே பர்மாவுக்கு ஆண்டுக்குக் கிடைத்த வெளிநாட்டு உதவி தலைக்கு 3 டாலர்கூட இல்லை. முத்தரப்புக் குழு மூன்றாண்டு மீட்புக்கு 69 கோடி டாலர் திட்டம் போட்டது. அதில் பெரும்பகுதி வரவேயில்லை. ஜெனரல்களைத் தண்டிக்க நினைத்த தடை கடைசியில் லபுட்டா விவசாயியின் முதுகில்தான் விழுந்தது.

அப்போது அவன் போன இடம், அவன் தாத்தா போன இடம்தான். வட்டிக்கு. ஆனால் இந்த முறை கடன் கொடுப்பவரும் நாசமாகியிருந்தார். நெல் வியாபாரியின் கிடங்கும் போச்சு, பழைய கடனும் வசூலாகவில்லை. ஆகவே கிடைத்த பணம் குறைவு, வட்டி அதிகம். கடன் வாங்கி விதைத்தான், உரத்துக்குக் காசில்லை, விளைச்சல் குறைந்தது, பழைய கடனை அடைக்கப் புதுக் கடன். முத்தரப்புக் குழு 2008 கடைசியிலிருந்து ஆராய்ச்சியாளர்களை அதே கிராமங்களுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பியது. குழு கலைந்த பிறகும் உலக வங்கி அதைத் தொடர்ந்தது. ஒவ்வொரு சுற்றிலும் கடன் வளர்ந்திருந்தது. நிலம் கைமாற ஆரம்பித்திருந்தது. இளைஞர்கள் யங்கூனுக்குக் கூலிக்குப் போய்விட்டார்கள். ஐந்தாண்டு கழித்து வந்த அறிக்கையின் தலைப்பே, ஒவ்வொரு நாளும் இன்னொரு நர்கிஸ் அடிக்கிறது என்ற பொருளில் இருக்கிறது. அலுவலக அறிக்கைக்கு இப்படித் தலைப்பு வைக்க வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

நல்லது எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. காப்பிடமாகவும் பயன்படும் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. அலையாத்தி நடும் திட்டங்கள் வந்தன. நன்கொடை நாடுகள் 2009இல் சேர்ந்து வாழ்வாதார நிதியம் ஒன்றை அமைத்தன. அதன் வழியாகவும் ஐ.நா. வழியாகவும் சிறுகடன் திட்டங்கள் கிராமங்களுக்குப் போயின, ஊர் வட்டியைவிடப் பல மடங்கு குறைந்த வட்டியில். அரிசி மூட்டை ஏற்றிப் போன யங்கூன் இளைஞர்கள் பலர் பிறகு தொண்டு அமைப்புகளைத் தொடங்கினார்கள். 2011க்குப் பிறகு கொஞ்ச காலம் பர்மா திறந்துகொண்டபோது அந்தத் தலைமுறைதான் பொதுவாழ்வில் முன்னே நின்றது.

மீண்டும்

2021 பிப்ரவரியில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. 2023 மே 14ஆம் தேதி மோக்கா புயல் ரக்கைன் கரையைத் தாக்கியது, ரொஹிங்யா முகாம்கள் நொறுங்கின. ஜூன் மாதம் ரக்கைனில் உதவி அமைப்புகள் பயணம் செய்வதற்கான அனுமதியை ராணுவம் நிறுத்திவைத்தது. நர்கிஸிலிருந்து பாடம் கற்று ஆசியான் ஜகார்த்தாவில் 2011இல் தொடங்கிய பேரிடர் உதவி மையம் இருக்கத்தான் செய்கிறது. பொருள் அனுப்பத் தெரியும், கணக்கெடுக்கத் தெரியும். ஆனால் 2008இல் சுரின் பிட்சுவான் மாதிரி ஒருவர் போய் உட்கார்ந்து பேசித் திறந்த கதவு இப்போது திறக்கவில்லை.

பேரிடர் வரும்போதெல்லாம் நம் ஊர்க் கோயில்களிலும் சங்கங்களிலும் உண்டியல் வைக்கிறோம், அரிசியும் துணியும் சேர்க்கிறோம். அது வேண்டும், முதல் வாரம் அதுதான் உயிர். கூடவே இன்னும் சில கேள்விகளைக் கேட்கப் பழகினால் நல்லது. அடுத்த நடவுக்கு விதை யார் தருவது? எந்த வட்டிக்கு? மாடு எந்த மண்ணிலிருந்து வருகிறது? இரண்டாம் ஆண்டு யார் திரும்பிப் போய்ப் பார்க்கிறார்கள்? ஐராவதிக் கழிமுகத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்க நமக்குக் கூடுதல் காரணம் உண்டு. அந்த வயல்களின் முதல் கடன் கணக்குகளில் பெரும்பங்கு தமிழில்தான் எழுதப்பட்டது.